பீச் காய்க்காத வருஷம்: வெர்மான்ட் கரடிக் காட்டில் ஆறு நாள்

நாள் 1, சனிக்கிழமை, வில்மிங்டன்

பாஸ்டன் பக்கத்துல இருந்து காலைல எட்டு மணிக்குக் கிளம்பி ரூட் 2 பிடிச்சு, அப்புறம் 91ல வடக்க ஏறி, பிராட்டில்பரோல இறங்கி ரூட் 9ல மேற்க திரும்பினா அதுக்கப்புறம் பூரா ஏத்தம்தான். அக்டோபர் முதல் வாரம், மேப்பிள் எல்லாம் செவந்து கிடக்கு, ரோட்டுல பாதிக் கார் இலை பாக்க வந்த கூட்டம். மார்ல்பரோல ஹாக்பேக் மலை வளைவுல எல்லாரும் வண்டிய ஓரங்கட்டி போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க, நாங்களும் நிறுத்தினோம். நண்பன் மட்டும் போன எடுக்கல. பைனாகுலர எடுத்து எதிர்ச் சரிவுல இருந்த மர உச்சியவே பாத்துட்டு இருந்தான். என்னடா அங்க, கரடி தெரியுதான்னு கேட்டேன். "கரடிய யாரு பாக்குறா, எது காய்ச்சிருக்கு எது காய்க்கலன்னு பாக்குறேன்"னான். இந்த ஆறு நாள் டைரி முழுக்க அந்த ஒரு வரியப் பத்திதான்.

எப்படி இங்க வந்தேன்னு சொல்லிடுறேன். நண்பன் நம்மூர்க்காரன், கல்யாணம் பண்ணது வில்மிங்டன் பொண்ண. மாமனார் அம்பது வருஷமா இந்தக் காட்டுல கரடி வேட்டைக்குப் போறவர். மாப்பிள்ளைக்கு வேட்டை லைசன்ஸ் கோர்ஸ் முடிக்க வச்சு, காட்டுக்குக் கூட்டிட்டுப் போய், கத்துக்குடுத்ததெல்லாம் அவர்தான். நான் துப்பாக்கி தொட்டதில்ல, தொடுற எண்ணமும் இல்ல. ஆனா இந்தப் பெரியவர் கரடியத் தேடுற விதத்த நண்பன் ரெண்டு வருஷமா சொல்லிச் சொல்லி, ஒரு தடவ கூடவே நடந்து பாக்கணும்னு ஆசையாகிப் போச்சு.

வெர்மான்ட்ல கருங்கரடி சீசன் செப்டம்பர் 1ம் தேதி ஆரம்பிக்குது, நவம்பர்ல மான் வேட்டை தொடங்குறதுக்கு முந்தின நாள் வரைக்கும் முதல் பகுதி, அப்புறம் மான் சீசனோட சேந்து ஒன்பது நாள் ரெண்டாம் பகுதி. ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு கரடிதான். முக்கியமான விஷயம், இங்க தீனி போட்டு கரடிய வரவழைக்கிறது சட்டப்படி குத்தம். பக்கத்துல மெயின் மாநிலத்துல பழைய டோனட், இனிப்பு எல்லாம் டிரம்ல போட்டு வச்சுட்டு மேல உக்காந்திருக்கலாம், அங்க அனுமதி உண்டு. வெர்மான்ட்ல அது நடக்காது. நாய் வச்சு வெரட்டுறவங்க உண்டு, அதுக்குத் தனி பெர்மிட், பெரியவர் நாய் வச்சுக்கல. அப்ப மிச்சம் இருக்கிறது ஒரே வழி. இந்த வாரம், இந்த மலைல, கரடி எதத் திங்குதுன்னு கண்டுபிடிக்கணும்.

ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பெரியவர் ஒரு நோட்டு எடுத்துட்டு வந்தார். ஸ்கூல் பிள்ளைங்க வச்சிருக்கிற மாதிரி கருப்பு அட்டை நோட்டு, முதுகுல துணி டேப் ஒட்டியிருக்கு. ஒரு வருஷத்துக்கு ஒரு வரி. பீச் (பீச் பழம் இல்ல, beechன்னு காட்டுல கொட்டை காய்க்கிற மரம்), ஓக், செர்ரி, ஆப்பிள்னு கட்டம், ஒவ்வொண்ணுலயும் சைபர்ல இருந்து மூணு வரைக்கும் ஒரு நம்பர். பக்கத்துல கரடி எங்க கிடைச்சுது, வயித்துல என்ன இருந்துச்சு, கடைசிக் கட்டத்துல அதோட வயசு. வயசு மட்டும் எல்லா வரியிலயும் வேற மை, வேற பேனா. ஏன்னு கேட்டேன், "அது ஒரு வருஷம் கழிச்சுத்தான் வரும்"னு மட்டும் சொன்னார், அதுக்கு மேல சொல்லல.

பீச் கட்டத்த மேல இருந்து கீழ படிச்சா ஒரு தாளம் மாதிரி இருக்கு. மூணு, சைபர், ரெண்டு, சைபர், மூணு, சைபர். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் காய்க்கும் போல, நடுவுல எப்பவாவது தாளம் தப்புது. 2023 வரில ஆப்பிளுக்குச் சைபர் போட்டு "மே 18 பனி"ன்னு எழுதியிருக்கார். அந்த ராத்திரி விழுந்த உறைபனில வெர்மான்ட் பூரா ஆப்பிள் தோட்டக்காரங்க அடி வாங்கினாங்க, பூவும் பிஞ்சுமா கருகிப் போச்சு. மே மாசம் ஒரு ராத்திரி குளிர் விழுந்தா அக்டோபர்ல கரடி எங்க இருக்கும்ங்கிறதே மாறிடும்னு சொன்னார். நான் அந்த நோட்ட விட்டு கண்ண எடுக்கல.

நாள் 2, ஞாயிறு, சாமர்செட் ரோடு

காலைல நாலரைக்கு எழுந்து, அஞ்சே காலுக்கு ரூட் 9ல மேற்க போய் சாமர்செட் ரோட்டுல திரும்பினோம். மண் ரோடு, பத்து மைல் கிட்ட போகும், முடியிற இடத்துல சாமர்செட் அணை. சாமர்செட்னு ஒரு ஊரே இருந்துச்சாம், பக்கத்துல கிளாஸ்டன்பரின்னு இன்னொண்ணு. ரெண்டையும் 1937ல ஊர்க் கணக்குல இருந்தே எடுத்துட்டாங்க, ஆள் இல்லாம போச்சு. இப்ப அங்க காடுதான் குடித்தனம் பண்ணுது.

வெளிச்சம் வர வர மேடு ஏறினோம். மூணு பேருக்கும் ஆரஞ்சு வெஸ்ட். சட்டப்படி கட்டாயம் இல்லையாம், ஆனா பெரியவர் அது இல்லாம யாரையும் காட்டுக்குள்ள விட மாட்டார். 2400 அடி தாண்டினதும் பீச் மரக் காடு. பீச் மரம் பாத்திராதவங்களுக்குச் சொல்றேன், பட்டை யானைத் தோல் நிறம், ஆனா வழவழன்னு இருக்கும், வெடிப்பே இருக்காது. அதனாலயே அதுல என்ன கீறினாலும் ஆயுசு பூரா நிக்கும். பெரியவர் ஒரு மரத்துகிட்ட நின்னு கைய வச்சார். நானும் வச்சேன். தரைல இருந்து முப்பது அடி உசரம் வரைக்கும் கருப்பு கருப்பா தழும்பு, அஞ்சு அஞ்சு புள்ளியா, மேல ஏறுது. சிலது என் சுண்டு விரல் நுழையுற அளவு அகலம், மரம் பருக்கப் பருக்க தழும்பும் விரிஞ்சுடுதாம், அது இருபது முப்பது வருஷப் பழசு. பக்கத்துலயே மெல்லிசா, ஓரம் இன்னும் கூர்மையா இருக்கிற கீறல், அது போன வருஷத்துது. ஒரே மரத்துல எத்தன தலைமுறை கரடி ஏறியிருக்குன்னு விரலால தடவியே பாக்கலாம். எனக்கு உள்ளங்கை சிலிர்த்துப் போச்சு.

உச்சியப் பாருன்னார். கிளை எல்லாம் நடுவுக்கு ஒடிச்சு இழுத்து, பெரிய காக்கா கூடு மாதிரி குவிஞ்சு கிடக்கு. கரடி மேல ஏறி கவட்டுல உக்காந்துகிட்டு கிளைய ஒண்ணொண்ணா ஒடிச்சு தன் பக்கம் இழுத்து காயத் தின்னுட்டு, தின்ன கிளைய அடில வச்சு அதுமேலயே உக்காந்துக்கும். காய் கீழ விழுறதுக்கு முன்னாடியே மேல போய்ச் சாப்பிடுற வேலை அது. கீழ விழுந்துட்டா மான், வான்கோழி, அணில் எல்லாத்தோடயும் பங்கு போடணுமே.

பீச் கொட்டை மூணு பட்டையா, நம்ம சுண்டு விரல் நகம் அளவுக்குச் சின்னதா இருக்கும், முள்ளு மூடின தோட்டுக்குள்ள ரெண்டு ரெண்டா. ஆனா கொழுப்பும் புரதமும் ஓக் கொட்டைய விட அதுல அதிகம். கரடிக்கு இலையுதிர் காலத்துல ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரைக்கும் உள்ள போகணும், இருபது மணி நேரம் கூட விடாம மேயும், ஏன்னா குகைக்குள்ள போய் படுத்துட்டா அஞ்சாறு மாசம் தின்னாது, குடிக்காது. பொட்டைக் கரடிக்கு இன்னும் பெரிய கணக்கு. ஜூன் ஜூலைல இணை சேந்தாலும் கரு உடனே ஒட்டாது, நவம்பர் வரைக்கும் மிதந்துட்டே இருக்கும், உடம்புல கொழுப்பு போதுமான அளவு இருந்தாத்தான் ஒட்டும், இல்லன்னா அந்த வருஷம் குட்டி இல்ல. மெயின் மாநிலத்து வடக்குக் காட்டுல ரொம்ப வருஷமா பாத்து எழுதி வச்சிருக்காங்க, பீச் காய்க்காத இலையுதிர் காலத்துக்கு அடுத்து குட்டி போடுற கரடி ரொம்பக் குறையுது. ஒரு சுண்டு விரல் நகம் அளவு கொட்டை, அதுதான் அடுத்த ஜனவரில எத்தன குட்டி பொறக்கணும்னு முடிவு பண்ணுது. இதக் கேட்டதுல இருந்து எனக்கு அந்த மரத்து மேல ஒரு மரியாதையே வந்துடுச்சு.

அரசாங்கமும் இத உணர்ந்துதான் வச்சிருக்கு. 1970ல வந்த ஆக்ட் 250ன்னு ஒரு நில மேம்பாட்டுச் சட்டம், அதுல பெரிய கட்டுமானத்துக்கு அனுமதி கேட்டு வர்றப்ப கரடி நகம் பட்ட பீச் தோப்பு அந்த இடத்துல இருக்கான்னு பாப்பாங்க, இருந்தா அது கரடிக்கு அவசியமான வாழிடம்னு கணக்கு. நகத் தழும்புக்குச் சட்டத்துல எடை இருக்கிற ஊர்.

ஆனா இந்த வருஷம் கொட்டை இல்ல. மத்தியானம் வரைக்கும் நாலு மைல் நடந்தோம், மண்டி போட்டு இலையக் கிளறினோம், பழைய காலித் தோடு வருது, புதுசு ஒண்ணு கிடையாது. கிடைச்ச ஒண்ணு ரெண்டையும் நகத்தால பிளந்தா உள்ள வெறும் பொக்கு. பெரியவர் ஒரு பீச் இலையப் பறிச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுக் காட்டினார். நரம்புக்கும் நரம்புக்கும் நடுவுல கரும் பச்சைப் பட்டை, வரிக்குதிரை மாதிரி. பீச் இலை நோய். 2012ல ஒஹாயோல முதல்ல பாத்தாங்க, கண்ணுக்குத் தெரியாத நூற்புழுதான் காரணம், இப்ப தெற்கு வெர்மான்ட்டுக்கும் வந்தாச்சு. அதுக்கும் முன்னாடி 1890 வாக்குல ஐரோப்பாவுல இருந்து கனடா ஹாலிஃபாக்ஸ் வழியா வந்த செதில் பூச்சி, அதோட சேர்ற பூஞ்சை, அதுவே பாதி மரத்தோட பட்டையச் சொறி சொறியா ஆக்கி வச்சிருக்கு. நல்ல வழவழ மரம் தேடித்தான் பாக்க வேண்டியிருக்கு. அவர் அந்த இலைய மடிச்சு சட்டைப் பைல வச்சுக்கிட்டார், ஒண்ணும் பேசல. இறங்கி வர்ற வழில ரொம்ப நேரம் யாருமே பேசல.

நாள் 3, திங்கள், பழைய ஆப்பிள் தோட்டம்

மேட்டுல கொட்டை இல்லன்னா கரடி கீழ வரும். எங்க வரும்ங்கிறதுதான் கேள்வி. பெரியவர் சொன்ன பதில் எனக்கு ஆச்சரியம், இருநூறு வருஷம் முன்னாடி எங்க மனுஷன் குடியிருந்தானோ அங்க.

1840 வாக்குல வெர்மான்ட் பூரா செம்மறி ஆடு. மெரினோ கம்பளிக்காக பதினாறு லட்சத்துக்கும் மேல ஆடு மேய்ஞ்சுதாம், மலைக் காட்டெல்லாம் வெட்டி மேய்ச்சல் நிலமா ஆக்கிட்டாங்க, கரடி அநேகமா இல்லாமலே போச்சு. அப்புறம் கம்பளி விலை விழுந்து, மேற்க நல்ல நிலம் கிடைச்சு, ஜனங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. காடு திரும்ப வந்து இன்னிக்கு மாநிலத்துல முக்கால் பங்கு மரம்தான். காட்டுக்கு நடுவுல போனா திடீர்னு கல் வேலி ஓடும், குழி மாதிரி ஒரு வீட்டு அஸ்திவாரம், பக்கத்துல வயசான லைலாக் செடி, நாலஞ்சு ஆப்பிள் மரம். சைடர்ங்கிற ஆப்பிள் பானத்துக்காக நட்ட மரம், இப்பவும் காய்க்குது. அப்படி ஒரு இடத்துக்குத்தான் போனோம்.

போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு. ஒத்தையடிப் பாதை நடுவுலயே விட்டை, ஒரு தட்டு நிறைய. பெரியவர் குச்சியால கிளறிக் காட்டினார், மஞ்சளும் பழுப்புமா கொழ கொழன்னு, ஆப்பிள் தோல் அப்படியே செவப்பு மாறாம. நாத்தம் இல்ல, புளிச்ச ஆப்பிள் வாசம்தான். விட்டைய வச்சே சொல்லலாமாம்: செர்ரி தின்னா முழுக்க கொட்டையா, கையில அள்ளினா கூழாங்கல் மாதிரி உதிரும், பீச் தின்னா பழுப்பு ஓட்டுத் துணுக்கு, சோளம் தின்னா மணி மணியா மஞ்சள், ஓக் தின்னா ரவை மாதிரி, காத்துப் பட்டா கறுத்துடும். ஒரு பழைய மரத்துல தொடை மொத்தக் கிளை ஒண்ணு ஒடிஞ்சு தொங்குது, ஒடிஞ்ச இடம் இன்னும் வெள்ளையா ஈரமா இருக்கு. நேத்து ராத்திரியோ முந்தாநாளோ.

கோத்தகிரில எங்க பெரியம்மா வீட்டு ஞாபகம் வந்துச்சு. அங்க இருக்கிறது வேற சாதிக் கரடி, புத்து நோண்டிக் கரையான் உறிஞ்சுறது. ஆனா பலா பழுக்கிற மாசத்துல சாயங்காலம் ஆனா அந்தப் பக்கம் போகாதன்னு பெரியம்மா சொல்லுவாங்க, மாசத்த வச்சுத்தான் கரடிய கணக்குப் பண்ணுவாங்க. ரெண்டு மலைக்கும் நடுவுல பாதி உலகம் இருக்கு, கணக்கு ஒண்ணுதான்.

மூணு மணிக்கு உக்காந்தோம். காத்து மேற்குல இருந்து நம்ம முகத்துக்கு வர்ற மாதிரி இடம் பாத்து, கல் வேலிக்குப் பின்னாடி. கரடி மூக்குதான் அதோட உசுரு, மனுஷ வாசம் ஒரு தடவ பட்டா அந்த மரத்துக்குப் பல நாள் வராது. சின்ன டப்பால வெள்ளைப் பவுடர் வச்சிருக்கார், அப்பப்ப ஒரு பிடி அழுத்தி அது எந்தப் பக்கம் மிதந்து போகுதுன்னு பாப்பார். அஞ்சே முக்கால் வரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. வெயில் மேட்டுக்குப் பின்னாடி எறங்கின உடனே குளிர் காத்து சரிவுல கீழ வழிய ஆரம்பிச்சுது, பவுடர் நேரா ஆப்பிள் மரத்தப் பாத்துப் போகுது. பெரியவர் முகம் சுருங்கிப் போச்சு. ரெண்டு நிமிஷம் கூட இருக்காது, பிர் மரப் புதர்ல இருந்து ஒரு பெருமூச்சு, ஊது உலைல காத்து விட்ட மாதிரி, அப்புறம் கிளை ஒடியுற சத்தம், தூரமா, இன்னும் தூரமா. நான் பாக்கவே இல்ல. ஆனா அந்த மூச்சு சத்தம் இன்னும் காதுல இருக்கு.

மலைல சாயங்காலக் காத்து இறங்கும்னு தெரிஞ்சும் இடத்த மேல வச்சது தன் தப்புன்னு பெரியவரே சொன்னார். எழுபது தாண்டின மனுஷன், அம்பது வருஷ அனுபவம், இவ்வளவு சாதாரணமா ஒத்துக்கிட்டார்.

நாள் 4, செவ்வாய், மழை

காலைல இருந்து மழை. வண்டிலயே சுத்தினோம். கனெக்டிகட் ஆத்துப் பக்கம் இறங்கினா சோளக் காடு எல்லாம் மாட்டுத் தீவனத்துக்கு வெட்டி முடிச்சாச்சு, வெறும் தட்டைக் கட்டை. சோளம் பால் பிடிக்கிற ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்லதான் கரடி அங்க உருண்டு பெரண்டு நாசம் பண்ணும், இப்ப வேலை இல்ல. கருஞ் செர்ரியும் ஓஞ்சு போச்சு, மரத்தடில பழைய விட்டைதான், மழைல கரைஞ்சு கொட்டை மட்டும் குவியலா நிக்குது.

மத்தியானம் வெஸ்ட் ரிவர் பள்ளத்தாக்குல, டம்மர்ஸ்டன் பக்கம், பெரியவருக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட காட்டுக்குப் போனோம். இங்க உசரம் கம்மி, அதனால செவ்வோக், அதாவது ரெட் ஓக் மரம் நிறைய, மேல சாமர்செட் பக்கம் ஓக் மரமே கிடையாது. வண்டிய விட்டு எறங்கினதுமே கால் வழுக்குது, பாத்தா பாதை பூரா ஓக் கொட்டை, கோலிக்குண்டு கொட்டின மாதிரி. தொப்பியோட விழுந்தது, சின்னத் துளை இருக்கிறது எல்லாம் வண்டு பிடிச்சது, அது முதல்லயே உதிர்ந்துடும். துளை இல்லாம பளபளன்னு கனமா இருக்கிறதுதான் நல்லது, அது இப்பத்தான் விழ ஆரம்பிச்சிருக்கு. செவ்வோக் பூத்து ரெண்டாவது இலையுதிர் காலத்துலதான் கொட்டை முத்தும், அதனால இந்த வருஷ விளைச்சல் போன வருஷ வசந்தத்துல நிச்சயமானது. பெரியவர் அஞ்சாறு கொட்டைய உள்ளங்கைல வச்சு உருட்டிக்கிட்டே இருந்தார். மூணு நாளா பாத்திராத சிரிப்பு.

இலையெல்லாம் வாரி விட்ட மாதிரி கிடந்துச்சு. வான்கோழி கிளறினா சின்னச் சின்ன முக்கோணமா இருக்கும், இது ஒரு பாய் அகலத்துக்கு ஒரே பக்கமா இழுத்திருக்கு. ரவை மாதிரி விட்டை, மழையிலயும் இன்னும் வெளிர் நிறம் மாறல.

இன்னொரு விஷயம் சொல்லணும். இந்த மாநிலத்து 1777 அரசியல் சாசனத்துலயே, வேலி போடாத நிலத்துல வேட்டையாடுற உரிமை எல்லாருக்கும் உண்டுன்னு எழுதியிருக்கு. தடை போர்டு வைக்காத தனியார் காட்டுல கேக்காமலே போகலாம். ஆனாலும் பெரியவர் போய்க் கதவத் தட்டி, நின்னு பேசி, நாளைக்கு வர்றோம்னு சொல்லிட்டுத்தான் வந்தார்.

நாள் 5, புதன், ஓக் மேடு

மழை விட்டு நல்ல குளிர், 34 டிகிரி ஃபாரன்ஹீட். விடியறதுக்கு அரை மணிக்கு முன்னாடி இருந்துதான் சுடலாம், நாங்க அதுக்கும் முன்னாடியே போய் உக்காந்தாச்சு.

ஏழு மணி இருக்கும். முதல்ல சத்தம்தான். இலை சரசரக்குது, நிக்குது, அப்புறம் மொறுக் மொறுக்னு பொரிகடலை மெல்ற சத்தம். ஓக் மேட்டு மேல ஒரு கருப்பு. பைனாகுலர்ல பாத்தா மூக்கு மட்டும் பழுப்பு, காது வட்டமா, தலைய நிமித்தாம தின்னுட்டே வருது. நண்பன் துப்பாக்கிய மெதுவா தூக்கினான், பெரியவர் அவன் தோள்ல ஒரு விரல் வச்சார். வச்சுட்டு கண்ணாலயே இடது பக்கம் காட்டினார். ஒரு குட்டி. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. நம்மூர் நாட்டு நாய் அளவு. இந்த ஜனவரில பொறந்தது, பொறக்கிறப்ப கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல இருந்திருக்கும், இந்தக் குளிர்காலமும் அம்மா கூடவே குகைல படுக்கும், அடுத்த கோடைலதான் பிரியும். துப்பாக்கி கீழ போச்சு. நாப்பது நிமிஷம் பாத்தோம். அம்மா வலது முன்னங்காலால இலைய வாரும், குட்டி அந்த இடத்துல மூக்க நுழைக்கும், அம்மா நகந்து அடுத்த இடம் போகும். ஒரு குட்டி மரத்துல எட்டடி ஏறி, எதுக்கு ஏறினோம்னு தெரியாத மாதிரி அப்படியே கட்டிப் பிடிச்சுட்டு இருந்துச்சு. நான் மூச்சு விட்டேனான்னே தெரியல. என் வாழ்க்கைல அந்த நாப்பது நிமிஷத்துக்கு ஈடு கம்மி.

சாயங்காலம் திரும்ப வந்தோம். இந்த தடவ சரிவுக்குக் கீழ, காத்து இறங்கி நம்ம பக்கம் வர்ற மாதிரி. நானும் பெரியவரும் ஒரு பைன் மரத்துல சாஞ்சு, நண்பன் நாப்பது கஜம் தள்ளி. ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கிறப்ப கருப்பா ஒண்ணு தனியா வந்துச்சு. காலைல பாத்தத விட தலை அகலம், காது ரெண்டும் தள்ளித் தள்ளி இருந்துச்சு, அப்படி இருந்தா வளந்த ஆண்னு பெரியவர் அப்புறம் சொன்னார். பத்து நிமிஷம் பாத்துட்டே இருந்தோம், குட்டி ஏதும் பின்னாடி வரல. அது தின்னுட்டே திரும்பி பக்கவாட்டுல நின்னுச்சு. ஒரு வெடி. இருபது அடி ஓடி விழுந்துச்சு. அப்புறம் ஒரு முனகல், நீளமா, ஒரே ஒரு தடவ. அத எழுதாம விடக்கூடாதுன்னு எழுதுறேன். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நண்பன் அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்ல, பெரியவர்தான் போய் அவன் பக்கத்துல உக்காந்தார்.

டார்ச் வெளிச்சத்துல வயித்தக் கிழிச்சாங்க. நான் டார்ச் பிடிச்சேன். பின் முதுகுல கொழுப்பு ரெண்டு விரக்கடை கனம், வெண்ணெய் மாதிரி வெள்ளை. பெரியவர் இரைப்பையத் தனியா எடுத்து வச்சு ஓரமா அறுத்தார். ஆவி பறந்துச்சு. உள்ள முழுக்க ஓக், வடைக்கு ஒண்ணும் பாதியுமா அரைச்ச கடலைப்பருப்பு மாதிரி வெளிர் மஞ்சள், நடுநடுவுல ஓட்டுத் துண்டு. புளிப்பும் பச்சைக் கொட்டையும் கலந்த வாசம். விரலால தள்ளித் தள்ளிப் பாத்தார், ஒரு ஆப்பிள் தோல் கிடையாது, ஒரு சோளம் கிடையாது, பீச் ஓடு ஒண்ணு கூட இல்ல. பிளாஸ்டிக் ஸ்லெட்ல கட்டி ரோட்டுக்கு இழுத்துட்டு வர ராத்திரி ஒன்பதரை ஆச்சு. கை ரெண்டும் இன்னும் நடுங்குது, இதோட நிறுத்திக்கிறேன்.

நாள் 6, வியாழன், கிளம்புற நாள்

48 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும். ரிப்போர்ட் பண்ற இடம்னா ஏதோ ஆபீஸ்னு நெனச்சேன், ஊர்க் கடை. பால், ரொட்டி, தூண்டில் புழு விக்கிற கடை வாசல்ல தராசு தொங்குது. குடல் எடுத்தது போக 187 பவுண்டு. பல்லும் குடுக்கணும், கோரைப் பல்லுக்குப் பின்னாடி அரிசி மணிய விடக் கொஞ்சம் பெரிசா ஒரு பல் இருக்கு, அதப் புடுங்கி கவர்ல போட்டு பேர் எழுதி ஒட்டணும். அத வெட்டி மைக்ராஸ்கோப்ல பாத்தா மரத்துக்கு வளையம் மாதிரி வருஷத்துக்கு ஒரு கோடு. அத எண்ணித்தான் மாநிலம் பூரா எத்தன கரடி, எந்த வயசுல எத்தனன்னு கணக்குப் போடுறாங்க.

கறிய வெட்டி கட்டி கட்டா பேக் பண்ணினாங்க. 160 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் உள்ள வேகணும்னு பெரியவரோட வீட்டம்மா எனக்கு ரெண்டு தடவ சொன்னாங்க, கரடிக் கறில ஒரு வகை உருளைப் புழு இருக்கலாம், ஃப்ரீசர்ல வச்சாலும் சாகாது. கொழுப்ப சின்ன தீல உருக்கி வடிகட்டி பாட்டில்ல ஊத்தினாங்க, ஆறினா பால் வெள்ளை. ஆப்பிள் பை மாவுக்கு இத விட நல்ல கொழுப்பு கிடையாதுன்னாங்க. ஒரு பாட்டில் என் பைல இருக்கு.

கிளம்புறதுக்கு முன்னாடி பெரியவர் நோட்ட எடுத்து மேஜைல விரிச்சார். பீச் சைபர். ஓக் மூணு. செர்ரி ஒண்ணு. ஆப்பிள் ரெண்டு. டம்மர்ஸ்டன், புதன் சாயங்காலம், ஆண், 187, வயித்துல ஓக் மட்டும். அதுக்குக் கீழ சின்ன எழுத்துல "மேட்டு பீச்சுல இலை நோய்"னு சேத்துட்டு, ஞாயித்துக்கிழமை சட்டைப் பைல வச்ச இலைய அந்தப் பக்கத்துலயே வச்சு மூடினார். கடைசிக் கட்டம் மட்டும் காலியா இருக்கு.